மயக்க ஊசி என்றால் எந்த ஊசி?

"மயக்க ஊசி போட்டுத்தானே பல்லை எடுப்பீங்க?" பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இந்தக் கேள்வி விழாத நாள் இருக்காது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண், "ஆமாங்க, பயப்படாதீங்க" என்பார். கேட்டவர் மனத்தில் இருப்பது தூக்கம். கண்ணை மூடுவோம், விழிக்கும்போது பல் போயிருக்கும் என்று நினைக்கிறார். பதில் சொன்னவர் மனத்தில் இருப்பது ஈறில் போடும் லிக்னோகெய்ன் ஊசி. பத்து நிமிடம் கழித்து நாற்காலியிலிருந்து, "இன்னும் மயக்கமே வரலியே டாக்டர், அதுக்குள்ள கொறடை எடுத்துட்டீங்களே" என்று பதறிய குரல் எழும்போதுதான், இருவரும் வேறு வேறு ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரியவரும். என் பெரியம்மா ஒருவர் அப்படிப் பதறி எழுந்து வந்தவர்தான். அந்தச் சொத்தைப் பல்லோடு மேலும் இரண்டு வருடம் கிராம்பை அடக்கிக்கொண்டே காலம் தள்ளினார்.

தமிழில் மயக்கம் இடம் கொள்ளாத சொல். வெயிலில் சுருண்டு விழுந்தாலும் மயக்கம், ஆபரேஷன் தியேட்டரில் நினைவு தப்பினாலும் மயக்கம், ஈறில் கால் மணி நேரம் மதமதவென்று இருந்தாலும் மயக்கம். கலைச்சொல் அகராதிகள் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றன. அவை யார் வாயிலும் புழங்கவில்லை. இந்தக் கட்டுரையில் மூன்று பெயர்களைப் பிரித்தே ஆளப்போகிறேன். ஓரிடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்வது மரப்பு. ஆளை விழிப்பில் வைத்துக்கொண்டு மனத்தைத் தளர்த்துவது அரைமயக்கம். நினைவையே அணைப்பது முழுமயக்கம். இவற்றில் மரப்பு வலியைத் தடுக்கும். அரைமயக்கம் பயத்தைக் குறைக்கும், வலியை அனேகமாகத் தொடாது. ஆகையால் அரைமயக்கத்தில் இருப்பவருக்கும் ஈறில் ஊசி போட்டே ஆக வேண்டும். ஊசிக்குப் பயந்து அரைமயக்கம் கேட்டு வருபவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பல் மருத்துவர்கள் கண்டெடுத்தது

அறுவைச் சிகிச்சை உலகத்துக்கே மயக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் பல் மருத்துவர்கள். சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைப் பிரீஸ்ட்லி 1772லேயே கண்டுபிடித்துவிட்டார். அதை முகர்ந்து முகர்ந்து ஆராய்ந்த ஹம்ப்ரி டேவி, ஞானப்பல் முளைக்கும்போது தனக்கு இருந்த ஈறு வலியை அது தணித்ததாக 1800இல் எழுதினார். அறுவையில் பயன்படலாம் என்றும் சொன்னார். மருத்துவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அந்த வாயு கண்காட்சி மேடைகளில் ஆட்களைச் சிரிக்கவும் ஆடவும் வைக்கவே பயன்பட்டது.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கோல்டன் என்பவர் நடத்திய அப்படியொரு காட்சியில், வாயுவை முகர்ந்த சாமுவேல் கூலி என்ற இளைஞர் காலில் அடிபட்டு ரத்தம் வழிய வந்து உட்கார்ந்தார். வலித்ததா என்று கேட்டால், அடிபட்டதே அவருக்குத் தெரியவில்லை. பார்வையாளர்களில் இருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் அதைக் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்துகொண்டு தன் கடைவாய்ப் பல்லைச் சக மருத்துவர் ரிக்ஸ் கையால் பிடுங்கிக்கொண்டார். ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன் செய்துகாட்டியபோது வாயுப் பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். நோயாளி கத்தினார், கூடம் கேலி செய்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 16 அன்று, வெல்ஸோடு முன்பு கூட்டாகத் தொழில் செய்த இன்னொரு பல் மருத்துவர் மார்ட்டன், அதே நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதரைக் கொண்டு வென்றார். மார்ட்டனுக்கு இதில் தொழில் கணக்கும் இருந்தது. அவர் விற்ற பல்செட்டைப் பொருத்த வேண்டுமானால் பழைய வேர்களைப் பிடுங்கியாக வேண்டும். வலிக்குப் பயந்து வாடிக்கையாளர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வெல்ஸின் முடிவு கொடுமையானது. தன்மீதே குளோரோஃபார்மைச் சோதித்துச் சோதித்து மனம் பிறழ்ந்து, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். வயது 33. மரப்பு ஊசியின் வரலாறும் பலி வாங்காமல் வரவில்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கொக்கெய்னைக் கண்ணில் விட்டு மரக்கச் செய்தார். சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அதைக் கீழ்த்தாடை நரம்பில் செலுத்திப் பற்களை மரக்கச் செய்தார். சோதனைக்குத் தன்னையே கொடுத்த அவர் கொக்கெய்னுக்கு அடிமையாகிப் போனார். ஜெர்மானியர் ஐன்ஹார்ன் தந்த நோவோகெய்ன் 1905இல் புழக்கத்துக்கு வந்தது. அது அடிமையாக்கவில்லை, ஆனால் ஒவ்வாமை அதிகம். 1943இல் ஸ்வீடனில் லோஃப்கிரென் உருவாக்கி 1948இல் சந்தைக்கு வந்த லிடோகெய்ன்தான் நம்மூரில் லிக்னோகெய்ன் என்ற பெயரில் இன்றைக்கும் ஆட்சி செய்கிறது. எண்பது வருடமாக ஒரு மருந்து அரியணையில் நீடிக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

ஈறில் போடும் ஊசி

பல் சிகிச்சையில் மிகப் பெரும்பகுதி மரப்பு ஊசியிலேயே முடிந்துவிடும், முடிய வேண்டும். ஆகவே இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

நரம்பில் வலிச் செய்தி நகர்வது, சோடியம் அயனிகள் நரம்புச் சுவரின் நுண்ணிய வாயில்கள் வழியாக உள்ளே பாய்வதால். லிக்னோகெய்ன் நரம்புக்குள் நுழைந்து அந்த வாயில்களை அடைக்கிறது. பல்லில் நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும், செய்தி மட்டும் மூளைக்குப் போகாது. அழுத்துவதும் ஆட்டுவதும் தெரியும். "வலிக்குதா, அழுத்துற மாதிரி இருக்கா?" என்று மருத்துவர் கேட்பது சமாளிப்பு அல்ல. இரண்டும் வேறு வேறு நரம்பிழைகளில் போகும் செய்திகள்; தடித்த இழைகளில் போகும் அழுத்த உணர்வு கடைசியாகத்தான் அடங்கும்.

மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. பல்லுக்குப் பக்கத்தில் போட்ட மருந்து கசிந்து வேர் நுனியை எட்டிவிடும். கீழ்த்தாடையின் பின்பக்கம் கெட்டி எலும்பு, கசியாது. அங்கே நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே, அதாவது தாடையின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், மருந்தை வைக்க வேண்டும். கட்டைவிரலால் எலும்பின் விளிம்பைத் தடவிக் கணித்துப் போடும் ஊசி அது. அந்த வாசல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மேலே கீழே இருக்கும். கைதேர்ந்தவருக்கும் சில சமயம் முதல் ஊசி தவறும். பாதி உதடு தடித்ததுபோல் ஆனால் மருந்து நரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போதும் பல்லின் உள்கூழ் முழுதாக மரத்திருக்க வேண்டும் என்பதில்லை.

உயிரை வாங்கும் பல்வலியோடு வருபவருக்குத்தான் ஊசி வேலை செய்வதில்லை என்பது பழைய புகார். அதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. லிக்னோகெய்ன் மின்னேற்றம் உள்ள வடிவிலும் அற்ற வடிவிலும் கலந்திருக்கும். நரம்பின் கொழுப்புச் சுவரைக் கடப்பது மின்னேற்றம் அற்ற வடிவம். சீழும் அழற்சியும் உள்ள இடம் அமிலமாக இருப்பதால் அந்த வடிவம் குறைந்துபோகும். அது போதாதென்று அழற்சியால் எரிந்துகொண்டிருக்கும் நரம்பு, சின்னத் தொடுதலுக்கே துள்ளும். "அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவது நம்மூர் வழக்கம். முகம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் அந்த மாத்திரைக்கு வேலை உண்டு. வீக்கம் இல்லாமல் பல்லின் உள்கூழ் மட்டும் அழற்சி கண்டிருந்தால் ஆன்டிபயாடிக் அந்த வலியைக் குறைக்காது. அங்கே செய்ய வேண்டியது இரண்டாவது வழியை எடுப்பது. பல்லுக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட இழைகளில் சில துளி செலுத்தலாம், எலும்புக்குள்ளேயே செலுத்தலாம், பல்லைத் திறந்தபின் கூழுக்குள் நேரடியாகச் செலுத்தலாம். எலும்பை நன்றாக ஊடுருவும் ஆர்ட்டிகெய்னைக் கன்னப் பக்கமாகக் கூடுதலாகப் போடலாம். ஜெர்மனியில் 1976 முதலும் அமெரிக்காவில் 2000 முதலும் புழங்கும் மருந்து அது, இந்தியாவிலும் கிடைக்கிறது.

ஊசி குத்துவதே வலிக்கிறதே என்பவர்களுக்கு: குத்துவதைவிட மருந்தை வேகமாகத் தள்ளுவதுதான் அதிகம் வலிக்கும். ஒரு மில்லி மருந்தை ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்த வேண்டும் என்பது பாடநூல் விதி. மேல் அண்ணத்தில் தோல் எலும்போடு ஒட்டியிருப்பதால் வேகமாகத் தள்ளினால் கண்ணில் நீர் வந்துவிடும். ஈறை நன்றாக ஒற்றி உலர்த்தி, மரப்பு ஜெல் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் குத்தும் வலியும் பாதி போகும். ஜெல் தடவிய கையோடு குத்தினால் அது வெறும் சடங்கு. என் அனுபவத்தில் நல்ல பல் மருத்துவரை அடையாளம் காண ஒரு வழி, அவர் ஊசிக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பது. வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் பலியாகிறது.

மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலினையும் சொல்ல வேண்டும். ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே பிடித்துவைப்பது அதன் வேலை. அது இல்லாமல் வெறும் லிக்னோகெய்ன் போட்டால் பல் சில நிமிடங்களே மரத்திருக்கும். கலந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொஞ்சம் ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதைத்தான் பலர், "எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது, அலர்ஜி" என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. கையில் துளி குத்திப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டிய ஒன்று அல்ல. முன்பு உண்மையிலேயே ஒவ்வாமை வந்தவரை அதற்கான நிபுணரிடம் அனுப்புவதுதான் முறை.

இதய நோயாளிக்கு அட்ரினலின் கூடாது என்பதும் முழு உண்மை அல்ல. ஓர் அமர்வில் 40 மைக்ரோகிராம் என்பது நெடுநாளாகப் புழங்கும் வரம்பு. நம்மூரில் பரவலாக உள்ள 1:80,000 கலவையில் மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம் இருக்கும், 3.2 மில்லி வரை போகலாம். மரப்புச் சரியாக இல்லாமல் வலியில் துடித்தால் உடம்பே சுரக்கும் அட்ரினலின் இதைவிடக் கூடுதலாக இருக்கும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர் விஷயம் வேறு. இதய மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்துக்கொண்டால், 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம்தான். இரண்டு சத மருந்தில் மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும். 3.3 மில்லியில் கணக்கு முடிந்தது. மேலைநாடுகளில் 1.8 மில்லி போன்ற அளவில் அடைத்த கண்ணாடிக் குழலை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். நம் மருத்துவமனைகள் பலவற்றில் 30 மில்லி குப்பியிலிருந்து உறிஞ்சி உறிஞ்சிப் போடுகிறோம். நாலு பக்கமும் ஒரே நாளில் சிகிச்சை என்றால் எண்ணிக்கை தவறுவது எளிது. அளவு மீறினால் நாக்கில் கூச்சம், உளறல், பிறகு வலிப்பு என்று போகும்.

சின்ன விஷயம், ஆனால் அன்றாடம் நடப்பது: பல் எடுக்கப் போகிறோம் என்று காலையிலிருந்து பட்டினி கிடந்து வருவார்கள். மரப்பு ஊசிக்குப் பட்டினி வேண்டாம். பசியும் பயமும் சேர்ந்து நாற்காலியிலேயே மயங்கி விழுவதுதான் பல் மருத்துவமனையில் அதிகம் நேரும் அவசரநிலை. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கையும் இன்னும் ஓயவில்லை. பல்லுக்குப் போவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு, பார்வைக்கு இரண்டாவது நரம்பு. சிகிச்சை முடிந்த குழந்தை, மரத்த உதட்டைப் பபிள்கம் போல மென்றுவிடும். இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டியது அம்மா அப்பாவின் வேலை.

பயம் வேறு, வலி வேறு

மரப்புச் சரியாக இருந்தும் நாற்காலியில் உட்கார முடியாதவர்கள் இருக்கிறார்கள். சிறு வயதில் நாலு பேர் கையைக் காலைப் பிடிக்கப் பல்லைப் பிடுங்கியதை நாற்பது வயதிலும் மறக்காதவர்கள். கண்ணாடியை வாயில் வைத்ததுமே குமட்டுபவர்கள். டிரில்லின் ஓசைக்கே வியர்த்துக் கொட்டுபவர்கள். இதைக் கோழைத்தனம் என்று சிரிக்கும் மருத்துவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

மருந்துக்கு முன்னால் பேச்சு. குழந்தைப் பல் மருத்துவத்தில் 1959இலிருந்தே ஒரு முறை இருக்கிறது: சொல், காட்டு, பிறகு செய். பெரியவர்களுக்கும் அது பொருந்தும். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்று மருத்துவர் வாக்குக் கொடுத்து, முதல் தடவை தூக்கும்போது நிறுத்தியும் காட்டினால், பலருக்கு அதற்குப் பிறகு கையே எழாது.

அடுத்தது அதே பழைய சிரிப்பூட்டும் வாயு. மூக்கில் மட்டும் பொருந்தும் மூடி வழியாக ஆக்ஸிஜனோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பெரும்பாலோருக்கு 30 முதல் 50 சதவீதம் போதும். ஆக்ஸிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி கருவியே பூட்டிவிடும். விரல் நுனி சுருசுருக்கும், உடம்பு லேசாகும், கேட்ட கேள்விக்குப் பதில் வரும். வலியையும் ஓரளவு குறைக்கும். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். அரைமயக்க வழிகளில் இவ்வளவு சீக்கிரம் ஏறி இவ்வளவு சீக்கிரம் இறங்கும் வேறொன்று கிடையாது. தனியாக இதை மட்டும் கொடுத்து ஒருவரை முழுமயக்கத்துக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதே இதன் பெரிய பாதுகாப்பு.

யாருக்கு ஆகாது? சளியால் மூக்கடைத்தவருக்குப் பயனில்லை. அழுது முரண்டுபிடித்து மூடியைத் தட்டிவிடும் குழந்தைக்கும் அப்படியே. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் தவிர்க்கிறார்கள். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் அந்தக் குமிழ் விரிந்து பார்வையே போகலாம். நம்மூரில் கேட்கத் தவறும் கேள்வி இன்னொன்று: பி12 குறைபாடு. இந்த வாயு உடம்பிலுள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும். முட்டையும் மீனும் தொடாதவர்களில் அந்தக் குறைபாடு ஏற்கெனவே பரவலாக இருக்க, வாயு சேர்ந்தால் தண்டுவட நரம்புகள் பாதிக்கப்படலாம். கை கால் மரமரப்பும் தீராத களைப்பும் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையும் சிரப்பும் மலிவு, எளிது. ஆகவே அதிகம் தவறாகவும் போகின்றன. பெரியவருக்கு டயஸிபாம், அல்பிரஸோலம். குழந்தைக்கு இனிப்போடு கலந்த மிடஸோலம். வாய்வழி மருந்தின் குறை, விழுங்கியபின் கட்டுப்பாடு நம் கையில் இல்லை என்பது. எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்பதை வயிறு தீர்மானிக்கும். அரை மணி ஆகியும் தூக்கம் வரவில்லையே என்று இன்னொரு அளவு கொடுத்தால், இரண்டும் சேர்ந்து வீடு திரும்பும் வழியில் வேலை செய்யும். காரில் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழல் மடங்குவது இப்படித்தான். வாய்வழி மருந்து வாங்கிய குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின இரவு மது அருந்தியவர் அதை மறைக்கக் கூடாது. மதுவும் இந்த மருந்துகளும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

கை நரம்பு வழியாகக் கொடுக்கும் மிடஸோலம் இன்னும் நுணுக்கமான வழி. ஒவ்வொரு மில்லிகிராமாகச் செலுத்தி, முகத்தைப் பார்த்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். வயதானவருக்கு அதிலும் பாதி போதும். அளவு மீறினால் ஃபுளுமஸெனில் என்ற முறிமருந்து உண்டு. ஆனால் அதன் ஆயுள் குறைவு, முறிந்த மயக்கம் திரும்பி வரக்கூடும். மிடஸோலத்துக்கு விசித்திரமான குணம் ஒன்று இருக்கிறது: நடந்ததை மறக்கடிக்கும். சிகிச்சையின்போது பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள், "ஒண்ணுமே தெரியலை, நல்லாத் தூங்கிட்டேன்" என்பார். விளம்பரத்துக்கு இது நல்ல வாசகம். ஆனால் மறந்த வலி வராத வலி ஆகாது. மரப்பு ஊசியைச் சரியாகப் போடாமல் மறதியை நம்பி வேலை செய்வது நேர்மையான வைத்தியம் அல்ல என்பது என் கருத்து.

மூச்சை யார் பார்ப்பது?

அரைமயக்கத்துக்கும் முழுமயக்கத்துக்கும் நடுவே சுவர் இல்லை. அது ஒரு சரிவு. மேட்டில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார். இன்னும் கீழே இறங்கினால் தோளைக் கிள்ளினால்தான் அசைவார். அங்கேயே மூச்சு தானாக ஓடும் என்ற உறுதி போய்விடுகிறது. அதற்கும் கீழே முழுமயக்கம். ஒருவரை மேட்டிலேயே நிறுத்தும் அளவு இன்னொருவரைக் கீழே உருட்டிவிடும். பால்போல வெளுத்த புரொபோஃபால் இந்தச் சரிவில் ஆளை வேகமாக இறக்கும், அதற்கு முறிமருந்தும் கிடையாது. அதைக் கையாள்வது மயக்கவியல் மருத்துவரின் வேலை.

பல் சிகிச்சையில் இது கூடுதல் சிக்கல். வயிற்றில் அறுவை நடக்கும்போது முகம் மயக்கவியல் மருத்துவர் கையில் இருக்கும். இங்கே மருத்துவர் வேலை செய்யும் இடமும் நோயாளி மூச்சுவிடும் வழியும் ஒன்று. தண்ணீர், ரத்தம், பஞ்சு, உடைந்த பல் துண்டு எல்லாம் அதே வாசலில்தான் கிடக்கின்றன. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல கருவி, ஆனால் ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப்தான் மூச்சுக்கு மூச்சு உண்மையைச் சொல்லும்.

பிரிட்டன் இதைப் பல மரணங்களுக்குப் பிறகு கற்றது. ஒரு காலத்தில் அங்கே தெருமுனைப் பல் மருத்துவமனைகளில் முழுமயக்கம் சர்வசாதாரணம். 1990இல் போஸ்வில்லோ குழு எச்சரித்தது. 1998இல் பல் மருத்துவ மன்றம் விதிகளை இறுக்கியது. 2000இல் அரசே ஆய்வறிக்கை வெளியிட்டது. 2001 முடிந்தபோது, பல் சிகிச்சைக்கான முழுமயக்கம் தீவிர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே என்றாகிவிட்டது. அமெரிக்காவில் வேறு மரபு. அங்கே வாய் அறுவை நிபுணரே மயக்கமும் கொடுத்து அறுவையும் செய்வார். 2015இல் கலிஃபோர்னியாவில் பல் எடுக்க வந்த ஆறு வயதுச் சிறுவன் மயக்கத்தில் இறந்தான். அடுத்த ஆண்டு அவன் பெயரில் ஒரு சட்டமே வந்தது. 2019இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் குழந்தைப் பல் மருத்துவர்களும் சேர்ந்து நெறிமுறையைத் திருத்தினார்கள்: ஆழ்ந்த மயக்கம் கொடுக்கும் இடத்தில் குழந்தை உயிர்காப்பில் பயிற்சி பெற்ற இருவர் இருக்க வேண்டும், மயக்கத்தைக் கவனிப்பவர் பல்லில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது.

முழுமயக்கம் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. புட்டிப்பாலால் பத்துப் பல் சொத்தையான மூன்று வயதுக் குழந்தையை ஏழெட்டு முறை அழவைப்பதைவிட ஒரே முறை முழுமயக்கத்தில் எல்லாவற்றையும் முடிப்பது கருணை. ஆட்டிசம், மூளைவாதம் போன்ற நிலைகளால் அசையாமல் வாய் திறந்திருக்க முடியாதவர்களுக்கு இதுதான் வாசல். அவர்களுக்குப் பல்வலி இருப்பதையே சொல்லத் தெரியாமல் போகலாம் என்பதால் இந்த வாசல் திறந்திருப்பது இன்னும் முக்கியம். மூக்கு வழியாகக் குழாய் இறக்கி மூச்சைப் பாதுகாத்துக்கொண்டு, தொண்டையில் துணி அடைத்து வேலை செய்வார்கள். தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் நான்கு மணி, மற்றப் பாலும் லேசான உணவும் ஆறு மணி என்பது பட்டினிக் கணக்கு. பாவம் குழந்தை என்று பாட்டி ஊட்டிவிடும் ஒரு வாய் சோறு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

மயக்கம் குழந்தையின் மூளையைப் பாதிக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்து ஆணையம் 2016இல் எச்சரித்தது. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே முறை முழுமயக்கம் பெற்றவர்களை ஐந்து வயதில் சோதித்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, அறிவுத்திறனில் வேறுபாடு காணவில்லை. ஆகவே தள்ளிப்போடக்கூடியதைத் தள்ளிப்போடலாம். சீழ் பிடித்து, சாப்பிடாமல், தூங்காமல் இருக்கும் குழந்தையின் சிகிச்சையை இந்தப் பயத்தால் தள்ளிப்போடக் கூடாது.

நம் நகரங்களில் 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்ற பழைய போர்டுகளுக்குப் பக்கத்தில், தூங்கிக்கொண்டே சிகிச்சை என்ற புதிய போர்டுகள் முளைத்திருக்கின்றன. பெரும்பாலும் வெளியிலிருந்து ஒரு மயக்கவியல் மருத்துவர் வந்து போகிறார். அவர் வந்தால் நல்லது, நோயாளி முழுதாகத் தெளியும்வரை இருந்துவிட்டுப் போனால். அடுத்த மருத்துவமனையில் காத்திருக்கும் கேஸுக்காக நடுவில் கிளம்பினால் அதுதான் ஆபத்தான அரை மணி நேரம். இந்தப் போர்டைப் பார்த்துப் போகிறவர்களில் பலருக்கு வேண்டியது மெதுவாகப் போடப்பட்ட ஒரு மரப்பு ஊசியும் பத்து நிமிடப் பேச்சும்தான். அதற்கு விளம்பரம் இல்லை, தனிக் கட்டணமும் இல்லை.

அரைமயக்கமோ முழுமயக்கமோ என்று முடிவானால், சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். எந்த மருந்து, எந்த வழி? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழும் அளவா, அதற்கும் ஆழமா? ஆக்ஸிஜனும் குழந்தை அளவுக்கான மூச்சுக் கருவியும் அதே அறையில் இருக்கிறதா? குறட்டை, ஆஸ்துமா, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வாயுவைத் தவிர வேறெந்த மயக்க மருந்து வாங்கினாலும் அன்று முழுதும் வண்டி ஓட்டாதீர்கள், கூட ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். கடைசியாக, "நீங்க என் பல்லைப் பார்க்கும்போது என் மூச்சை யாரு பார்ப்பாங்க?" என்று கேளுங்கள். பதிலாக ஒரு ஆளைக் காட்ட வேண்டும். கருவியைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.